இன்ஃப்ளூயன்சர்: காய்ச்சலும் செல்வாக்கும்

காரைக்குடிப் பக்கம் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சியிடம் தேன்குழல் வாங்கப் போயிருந்தேன். வளவில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்போது கையில் செல்போனும் மைக்குமாக ஒரு பையன் வந்தான். “ஆச்சி, நான் இன்ஃப்ளூயன்சர். ஒரு கொலாப் பண்ணலாமா?”

“ஃப்ளூவா? ஊசி போட்டாச்சா தம்பி?” என்றார் ஆச்சி.

பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் வேர்ச்சொல் பார்த்தால் ஆச்சி அப்படியொன்றும் தவறாகக் கேட்டுவிடவில்லை.

இலத்தீனில் ‘இன்ஃப்ளூயரே’ என்றால் உள்ளே பாய்தல். விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாய்ந்து வந்து மனிதர்களின் தலைவிதியை ஆட்டிவைக்கிறது என்று இடைக்கால ஐரோப்பாவின் சோதிடர்கள் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலுக்குப் பெயர்தான் இன்ஃப்ளூயன்ஸ். நம்மூர் ஏழரைச் சனி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஊரே காய்ச்சலில் படுத்தால் அதையும் கிரகத்தின் வேலை என்று சொல்லி ‘இன்ஃப்ளூயன்ஸா’ என்றார்கள். 1743இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலோடு அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் தொற்றிக்கொண்டது. அது போகட்டும், ‘வைரல்’ எங்கிருந்து வந்தது? வைரஸ், இலத்தீனில் நஞ்சு. இன்ஃப்ளூயன்சர் போட்டது வைரலாகிவிட்டது என்று சொல்லும்போது பாதி ஆஸ்பத்திரி நம் வாயில் இருக்கிறது.

இன்றைய பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இணையத்தில் தன்னைப் பின்தொடர்கிறவர்களிடம் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லி, அவர்களை வாங்க வைக்கக்கூடியவர். முன்பு லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தவர்களைத்தான் கம்பெனிகள் தேடிப் போயின. இப்போது சில ஆயிரம் பேரை வைத்திருப்பவர்களுக்கும் கிராக்கி. அவர்களுக்கு ‘நானோ’ என்று பெயர். ஊரறிந்த பையன் சொன்னால் ஊர் கேட்கும் என்ற கணக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தாக்கமூட்டுநர்’ என்று ஒன்று எழுதுகிறார்கள். ஏவுகணைக்கு வேண்டுமானால் பொருந்தும். ‘செல்வாக்காளர்’, ‘செல்வாக்கர்’ என்றும் வழக்கில் உண்டு. இந்தப் பக்கம்தான் என் ஓட்டு, ஏனென்றால் செல்வாக்கு என்ற சொல்லைப் பிரித்தாலே விஷயம் வந்துவிடுகிறது: செல் + வாக்கு. செல்லுகிற வாக்கு. காசு செல்லும், செல்லாது என்கிறோமே, அந்தச் செல்.

செட்டிநாட்டில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ரங்கூனில் எழுதிக் கொடுத்த உண்டியல், அதாவது காட்டினால் பணம் தரும் கடைச் சீட்டு, இங்கே தேவகோட்டையில் பணமாக மாறியது தாளின் மதிப்பாலா? அதிலிருந்த விலாசத்துக்காக. நகரத்தார் பேச்சில் விலாசம் என்றால் வீட்டு முகவரி மட்டுமில்லை, கடையின் பெயர். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நாணயம். ஒரு உண்டியல் திரும்பினால் அந்த விலாசத்தின் வாக்கு அடுத்த ஊரில் செல்லாது. விண்மீன் பாய்ச்சலில் இந்தக் கணக்குக் கிடையாது. மேலிருந்து ஒழுகும், கீழிருப்பவன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். செல்வாக்கிலோ வாக்கை ஏற்றுக்கொள்கிறவன் ஒருவன் வேண்டும்.

வாக்கு வடமொழி வழி வந்ததாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் மடக்கலாம். உண்மைதான். தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டிய ஊரிலிருந்து எழுதுவதால் கொஞ்சம் கூசுகிறது. ஆனாலும் இத்தனை காலம் நம் வாயில் புழங்கிவிட்ட சொல், இருக்கட்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு புகழ்கிறவரையும் செல்வாக்கர் என்றே சொல்லலாமா? இதற்குப் பழந்தமிழில் கச்சிதமான சொல் ஒன்று உண்டு. அதியமான் தன்னை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, நான் ‘வாணிகப் பரிசிலன்’ அல்லேன், பரிசிலுக்குப் பாட்டை விற்கிற வியாபாரி இல்லை என்று மறுத்தார் புலவர் பெருஞ்சித்திரனார். புறநானூறு, 208ஆம் பாட்டு. ‘பெய்டு கொலாப்’ செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. யாரும் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அதுதான் குறை.

பெயரை மறைக்கலாம், பரிசிலை மறைக்க முடியாது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021இலேயே இதற்கு நெறிமுறை கொண்டுவந்தது. 2023இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. காசு மட்டுமில்லை, இலவசமாகப் பொருள் வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பேசுகிற மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. அதாவது, வீடியோ முழுக்கத் தமிழில் பேசிவிட்டு மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலச் சீட்டு ஒட்டினால் போதாது.

கொலாபுக்குக் ‘கூட்டு’ என்று நேர்ச்சொல் போடலாம். சாப்பாட்டு வீடியோவில் போட்டால் சௌசௌவா, பூசணியா என்று கேட்பார்கள். ‘விளம்பரம்’ என்றே எழுதிவிடுவது நல்லது. விளம்புதல் என்றால் சொல்லுதல். குமரிப் பக்கமும் மலையாளத்திலும் இலையில் பரிமாறுவதற்கும் அதுவே சொல். பலகாரக்காரர்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

இப்போது ஆளே இல்லாத செல்வாக்கர்களும் வந்துவிட்டார்கள். லில் மிக்கேலா என்ற பெண் 2016 முதல் இன்ஸ்டாகிராமில் இருக்கிறாள். கணினியில் வரைந்த உருவம். உடை, பை என்று பெரிய பிராண்டுகளுக்கு விளம்பரம் செய்திருக்கிறாள். அவளுக்கு வாக்கு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், நாக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நாக்குள்ள பையன் விஷயத்துக்கு வருகிறேன். “பலகாரம் மட்டும் கொடுத்தாப் போதும் ஆச்சி, காசு வேண்டாம்” என்றான். “நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுவியா?” என்றார் ஆச்சி. பையன் தலையைச் சொறிந்தான். அப்புறம் இரண்டு கந்தரப்பம், ஒரு வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல் எல்லாம் உள்ளே போயின. மறுநாள் வீடியோ வந்தது. மேலே பெரிய எழுத்தில், தமிழில், இப்படிப் போட்டிருந்தான்: ‘ஆச்சி வீட்டில் ஓசியில் சாப்பிட்டது. துவையலில் உப்பு ஒரு கல் கூட.’