வெளிநாட்டுக் கடன் என்று எதைக் கணக்கிடுகிறார்கள்? கூலாய் வட்டாரத்தாருக்கு ஒரு விளக்கம்

மலேசியாவின் வெளிநாட்டுக் கடன் இத்தனை பில்லியன் ரிங்கிட் என்று செய்தி வரும் நாள்களில், ஜொகூர் மாநிலத்துக் கூலாய்ப் பட்டணத்து ஒட்டுக்கடைகளில் அந்தத் தொகையை மக்கள்தொகையால் வகுத்து, ‘ஆளுக்கு இவ்வளவு வெள்ளி கடன்’ என்று தலைக்கணக்குப் போடுவது வழக்கம். அந்த வகுத்தலுக்குப் பொருளே இல்லை. அத்தொகையில் மத்திய அரசாங்கம் வெளிநாடுகளில் நேரடியாக வாங்கிய கடன் ஒரு சிறு பங்குதான். வங்கிகள் எல்லை தாண்டி ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கும் குறுகிய காலக் கடன், பன்னாட்டு நிறுவனங்களின் உள்ளூர்க் கிளைகள் தாய் நிறுவனத்திடம் பெறும் கடன், இறக்குமதியாளர் சரக்குக்குத் தரவேண்டிய பாக்கி, நம் வங்கிகளில் வெளிநாட்டார் போட்டுவைத்திருக்கும் வைப்புத்தொகை என எல்லாம் சேர்ந்ததே அந்தப் பெரிய எண்.

அனைத்துலக நாணய நிதியமும் பிற அமைப்புகளும் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு நாட்டில் வசிப்பவர் அந்நாட்டில் வசிக்காதவருக்கு வட்டியாகவோ அசலாகவோ திருப்பித் தரக் கடமைப்பட்டு, இன்றைய தேதியில் நிலுவையில் இருக்கும் தொகையே வெளிநாட்டுக் கடன். கடனாளி தவறினால்தான் உயிர்பெறும் உத்தரவாதம் இதில் சேராது. கோலாலம்பூர் பங்குச் சந்தையில் வெளிநாட்டார் வாங்கும் பங்குகளும் சேரா, ஏனெனில் பங்குக்கு முதலைத் திருப்பித் தரும் கடப்பாடு கிடையாது.

இந்த விளக்கத்தில் நாணயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை வைத்திருக்கும் சேமநிதி வாரியம் தன்னிடமுள்ள மலேசிய அரசாங்கப் பத்திரங்களில் ஒரு பகுதியை ஒரு வெளிநாட்டு நிதிக்கு விற்றால், அரசாங்கம் புதிதாக ஒரு காசுகூடக் கடன் வாங்காமலேயே நாட்டின் வெளிநாட்டுக் கடன் அந்த அளவுக்குக் கூடிவிடும். ரிங்கிட்டில் இருக்கும் இத்தகைய கடனையும் வைப்புத்தொகையையும் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2014-ஆம் ஆண்டின் முதல் காலாண்டிலிருந்துதான் முழுமையாகச் சேர்க்கத் தொடங்கியது. அப்போது எண் ஒரேயடியாக உயர்ந்ததற்குக் காரணம் வரையறை மாறியதே. ஆகவே அதற்கு முந்தைய பழைய அறிக்கையை இன்றைய அறிக்கையோடு நேரே ஒப்பிடுவது தவறு.

அடுத்தது, ‘வசிப்பவர்’ யார் என்ற கேள்வி. குழப்பம் மிகுதியாக எழுவதும் இங்கேதான். குடியுரிமையையோ அடையாள அட்டையின் நிறத்தையோ பார்ப்பதில்லை. ஒருவரின் வாழ்க்கையும் வருமானமும் ஓராண்டு அல்லது அதற்கு மேல் எந்த நாட்டை மையமாகக் கொண்டுள்ளன என்பதையே பார்க்கிறார்கள். கூலாயிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர் மலேசியாவில் வசிப்பவரே. அவருடைய சம்பளம், உழைப்புக்கும் முதலீட்டுக்கும் கிடைக்கும் வருவாயைக் குறிக்கும் முதன்மை வருமானம் என்ற தலைப்பின் கீழ் நாட்டுக்கு வரவாகிறது. அவருடைய அடுத்த வீட்டுக்காரர் அதே வேலையைச் செய்துகொண்டு சிங்கப்பூரிலேயே அறை எடுத்து ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால், புள்ளிவிவரத்தில் அவர் சிங்கப்பூர்வாசி. அவருடைய சம்பளம் இங்கே பதிவாகாது. வீட்டுக்கு அனுப்பும் பணம் மட்டும் இரண்டாம் நிலை வருமானமாக, அதாவது பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுக்கும் பணமாகப் பதிவாகும். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் சென்ற பிள்ளைக்கோ விதிவிலக்கு உண்டு: ஐந்தாண்டு படித்தாலும் அப்பிள்ளை மலேசியாவில் வசிப்பவராகவே கொள்ளப்படுவார், கட்டணமும் தங்கும் செலவும் பயணச் சேவை இறக்குமதியாகும்.

சம்பளம் போட்ட வாரக் கடைசியில் பட்டணத்துப் பணமாற்றுக் கடைகளில், பணம் அனுப்பும் நோக்கம் என்ன என்று கேட்கும் கட்டத்தில் ‘குடும்பச் செலவு’ என்று குறித்துவிட்டு வரிசையில் நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோட்டத் தொழிலாளர்களைப் பார்த்திருப்போம். ஓராண்டுக்கு மேல் இங்கே வேலை செய்வதால் அவர்களும் மலேசியாவில் வசிப்பவர்களே. அவர்கள் அனுப்பும் பணம் இரண்டாம் நிலை வருமானத்தில் வெளியே போகும் தொகை.

நாட்டில் வசிப்பவர்களுக்கும் வசிக்காதவர்களுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பதியும் கணக்குக்குச் செலுத்துச் சமநிலை என்று பெயர். மேலே சொன்ன சம்பளமும் அனுப்பும் பணமும் படிப்புச் செலவும் அதன் நடப்புக் கணக்கு என்ற பகுதியைச் சேர்ந்தவை. செம்பனை எண்ணெய் ஏற்றுமதியும் அதில்தான் வரும். வங்கிப் புத்தகத்தில் வரவுசெலவு வரிகளும் கடைசி இருப்பும் தனித்தனியாக இருப்பதுபோல, செலுத்துச் சமநிலை ஒரு காலாண்டின் நடமாட்டத்தையும், அனைத்துலக முதலீட்டு நிலை என்ற மற்றோர் அறிக்கை காலாண்டு முடிவின் இருப்பையும் காட்டும். வெளிநாட்டுக் கடன் இந்த இருப்பின் ஒரு பகுதி. 1998 முதல் மலேசியாவின் நடப்புக் கணக்கு ஆண்டுதோறும் உபரியாகவே இருந்தும் வெளிநாட்டுக் கடன் இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்று நடமாட்டம், மற்றது இருப்பு என்பதால் இதில் முரண் எதுவும் இல்லை.

கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் எழும்பியுள்ள தரவு மையங்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே இறக்கப்படும் கணினிகள் சரக்கு இறக்குமதி. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் பங்குமூலதனமாகப் போடும் பணம் நேரடி முதலீடு. வாக்குரிமையில் பத்து விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தப் பெயர். அதே தாய் நிறுவனம் கடனாகக் கொடுத்தால் அதுவும் நேரடி முதலீடுதான், ஆனால் வெளிநாட்டுக் கடனிலும் ஏறும். கிடைத்த லாபத்தை இங்கேயே மறுபடி போட்டால், முதன்மை வருமானத்தில் வெளியே போனதாகவும், உடனே முதலீடாக உள்ளே வந்ததாகவும் இருமுறை எழுதுவார்கள். பணம் நகரவே இல்லை என்றாலும் முறை அதுதான்.

ரிங்கிட் சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: 1 லட்சம் அமெரிக்க டாலர் கடன், டாலருக்கு 4 ரிங்கிட் என்றால் 4 லட்சம் ரிங்கிட், 4.50 என்றால் 4.5 லட்சம். மொத்தக் கடனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரிங்கிட்டிலேயே இருப்பதால் அந்தப் பகுதியை இந்த ஏற்றம் தொடாது.

தகவல் பல வழிகளில் சேர்கிறது. சுங்கத்துறையின் கே1, கே2 படிவங்களிலிருந்து இறக்குமதி ஏற்றுமதிக் கணக்கும், வங்கிகளின் அறிக்கைகளும், நிறுவனங்களிடம் நடத்தும் காலாண்டு ஆய்வும் அவற்றுள் முக்கியமானவை. ஆய்வுப் படிவம் வந்தால் நிறுவனம் பதில் தரவேண்டும் என்பது 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம். தனி நிறுவனத்தின் விவரத்தை வெளியிடக்கூடாது என்பதும் அதே சட்டம். வழிகள் பலவாக இருப்பதால் செலுத்துச் சமநிலையின் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சரியாகப் பொருந்துவதில்லை. அந்த வித்தியாசத்தை ‘நிகரப் பிழைகளும் விடுபாடுகளும்’ என்ற வரியில் வெளிப்படையாகவே காட்டுகிறார்கள்.

செலுத்துச் சமநிலையையும் முதலீட்டு நிலையையும் புள்ளிவிவரத்துறையும், வெளிநாட்டுக் கடனைப் பேங்க் நெகாராவும் காலாண்டுதோறும் வெளியிடுகின்றன. யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அன்னியச் செலாவணி இருப்பை மாதம் இருமுறை பேங்க் நெகாரா அறிவிக்கும்போது, அது எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும், குறுகிய காலக் கடனைப்போல் எத்தனை மடங்கு என்ற இரு விகிதங்களும் கூடவே வரும். தலைக்கணக்குப் போடுவதைவிட அந்த இரண்டாவது விகிதத்தைப் பார்ப்பது பயனுள்ளது.