பிஎச்பி எந்தப் பிழையைச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது

வலைத்தளங்களை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதிய ஒரு பக்கத்தை உலாவியில் திறந்ததும், எழுத்தோ படமோ இல்லாமல் வெறும் வெள்ளைத் திரை மட்டும் தோன்றுவதைப் பார்த்திராத நிரலர் அரிது. நிரல் ஏதோ ஓரிடத்தில் நின்றுவிட்டது என்பது புரிகிறது. எங்கே, ஏன் என்பது புரிவதில்லை. பிஎச்பிக்கு அது தெரியும். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், என்ன நேர்ந்தது என்ற செய்தியை அது ஆக்கி வைத்திருக்கும். அச்செய்தி திரைக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கும். அந்த வழியில் இருப்பவை இரண்டு கதவுகள். அதை அறியாதவர்கள் ஒன்றைத் திறந்துவிட்டு, மற்றது மூடியிருப்பது தெரியாமல் மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

முதல் கதவு 'எரர்_ரிப்போர்ட்டிங்' என்ற அமைப்பு. எந்தெந்த வகைப் பிழைகளைப் பொருட்படுத்துவது என்பதை அது முடிவு செய்கிறது. இரண்டாவது கதவு, பொருட்படுத்திய பிழையை எங்கே சொல்வது என்பது: திரையில் காட்டுவதற்கு 'டிஸ்ப்ளே_எரர்ஸ்', பதிவுக் கோப்பில் எழுதுவதற்கு 'லாக்_எரர்ஸ்'. முதல் கதவில் நின்றுபோன செய்தி திரைக்கும் வராது, பதிவுக் கோப்புக்கும் போகாது.

முதல் கதவின் வேலையைப் புரிந்துகொள்ளச் சிறிது இரும எண் கணக்கு போதும். பிஎச்பி ஒவ்வொரு பிழை வகைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. நிரலை அங்கேயே நிறுத்திவிடும் பெரும்பிழையான 'இ_எரர்' 1; எச்சரிக்கையான 'இ_வார்னிங்' 2; இலக்கணப் பிழையான 'இ_பார்ஸ்' 4; சிறு கவனக்குறைவுகளைச் சுட்டும் 'இ_நோட்டீஸ்' 8. இப்படியே 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போய், விரைவில் கைவிடப்படவிருக்கும் வசதிகளைப் பற்றிய 'இ_டெப்ரிகேட்டட்' 8192 வரையும், அதற்கு மேல் இன்னும் ஒரு படியும் செல்கிறது. இரட்டிக்கும் எண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரும வடிவில் எழுதினால் இவை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு 1 மட்டுமே இருக்கும், அதுவும் வகைக்கு வகை வேறு இடத்தில் இருக்கும். ஆகவே எத்தனை வகைகளைச் சேர்த்தாலும் ஒரே எண்ணில் அடக்கிவிடலாம்; எவையெவை சேர்ந்துள்ளன என்பதைப் பிறகு குழப்பமின்றிப் பிரித்தெடுக்கவும் முடியும். வரிசையாக அமைந்த மின்விளக்குப் பொத்தான்களைப் போன்றது அந்த எண்: ஒவ்வொரு பொத்தானும் ஒரு பிழை வகைக்கு உரியது.

பிழை நேரும்போது பிஎச்பி அந்தப் பிழையின் எண்ணையும் அமைப்பில் உள்ள எண்ணையும் பிட் பிட்டாக, அதாவது இரும இலக்கம் இலக்கமாக, 'ஆண்ட்' செய்கிறது. இரண்டிலும் ஒரே இடத்தில் 1 இருந்தால் மட்டுமே விடை பூச்சியம் அல்லாததாக இருக்கும்; அப்போது செய்தி கதவைத் தாண்டும். அமைப்பின் மதிப்பு 7 என்று கொள்வோம். இருமத்தில் அது 0111. நோட்டீஸின் எண் 1000. ஒரே இடத்தில் இரண்டிலும் 1 இல்லை, விடை 0, நோட்டீஸ் மௌனமாகிறது. மதிப்பை 15 ஆக்கினால், அதாவது 1111 ஆக்கினால், அதே நோட்டீஸ் பேசத் தொடங்கும்.

வகைகளைச் சேர்க்கக் கூட்டல் குறியே போதாதா என்று தோன்றலாம். போதாது. ஏற்கெனவே சேர்ந்துள்ள வார்னிங்கை மறதியாக மறுமுறை கூட்டினால் 2-உடன் 2 சேர்ந்து 4 ஆகிவிடும். எச்சரிக்கை வகை அணைந்து, கேட்காத இலக்கணப் பிழை வகை எரியத் தொடங்கும். இரண்டில் ஏதாவது ஒன்றில் 1 இருந்தாலே விடையிலும் 1 வைக்கும் 'ஆர்' குறிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒன்றை எத்தனை முறை சேர்த்தாலும் அது ஒரு முறை சேர்ந்ததாகவே இருக்கும். ஒரு வகையை நீக்குவதற்கும் கழித்தலை நம்பக் கூடாது, 'எக்ஸ்-ஆர்' குறியையும் நம்பக் கூடாது. பின்னது பொத்தானை அழுத்துவது போன்றது: எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். பழைய எடுத்துக்காட்டுகளில் அது அடிக்கடி தென்படுகிறது. என் கருத்தில் அது விட்டொழிக்க வேண்டிய வழக்கம். 'ஆண்ட்' குறியையும், 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பும் 'நாட்' குறியையும் இணைத்து, 'எல்லாம், ஆனால் நோட்டீஸ் மட்டும் வேண்டாம்' என்று எழுதுவதே எந்நிலையிலும் தவறாத முறை.

'எல்லாம்' என்று பொருள்படும் 'இ_ஆல்' கூட நிலையான எண் அன்று. பிஎச்பியின் 5.3 பதிப்பில் அது 30719. 2012-இல் வந்த 5.4-இல், அதுவரை வெளியே நின்ற 'இ_ஸ்ட்ரிக்ட்' என்ற 2048-ஐயும் உள்ளே சேர்த்ததால் 32767 ஆனது. 2024-இல் வெளியான 8.4-இல் அந்த வகை பயனற்றதாகி நீக்கப்பட்டதால் மதிப்பு மீண்டும் 30719-க்கே திரும்பிவிட்டது. பெயரை எழுதியவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் வலைப்பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் பிஎச்பியின் பெயர்களுக்குப் பொருள் கிடையாது. அங்கே எண்ணைத்தான் எழுத வேண்டும்.

எதையும் குறிப்பிடாதபோது முதல் கதவு எவ்வளவு திறந்திருக்கும் என்பதும் மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் வந்த 8.0-க்கு முன்பு நோட்டீஸும் டெப்ரிகேட்டடும் இயல்பாகவே மறைக்கப்பட்டன, 8.0 முதல் எல்லாமே அனுமதிக்கப்படுகின்றன. மதிப்புக் கொடுக்காத மாறியைப் பயன்படுத்துவது வெறும் நோட்டீஸாக இருந்தது. அதுவும் அதே பதிப்பில் எச்சரிக்கையாக உயர்ந்தது. எழுத்துப்பிழையுடன் தட்டிய மாறிப் பெயர்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி ஒளிந்திருக்க இடம் கொடுத்தது பழைய இயல்புதான் என்பதால், இந்த மாற்றம் தாமதமாக வந்தது என்றே சொல்வேன்.

இரண்டாவது கதவில் கணக்கு எதுவும் இல்லை, முன்யோசனைதான் தேவை. நிரலை உருவாக்கும் கணினியில் பிழைகள் திரையிலேயே தெரிவது நல்லது. பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அதே செய்தி கோப்புகளின் முழுப் பாதையையும், சில வேளைகளில் தரவுத்தள வினவலின் வடிவத்தையும் முன்பின் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுக்கும். அன்றியும், திரையில் காட்டும் செய்தி பக்கத்தின் உள்ளடக்கத்தோடு கலந்தே அனுப்பப்படுகிறது. வேறொரு நிரல் படிப்பதற்கான 'ஜேசன்' வடிவில் தரவு அனுப்ப வேண்டிய நிரலில் ஒரு வரி எச்சரிக்கை முன்னால் ஒட்டிக்கொண்டால் பெறுபவரால் அதைப் படிக்க முடியாது. பக்கத்துக்கு முன்னால் போகும் தலைப்பு வரிகளில் பின்னர் அனுப்ப முயலும் குக்கிகளும் (உலாவி சேமித்துவைக்கும் சிறு குறிப்புகள்) 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்ற அடுத்த எச்சரிக்கையில் போய் முடியலாம். ஆகவே அங்கே டிஸ்ப்ளேயை அணைத்து, லாக்கை இயக்கி, முதல் கதவைத் திறந்தே வைப்பதுதான் முறை. பலர் செய்வது இதற்கு நேர்மாறு: திரையில் செய்தி தெரியக் கூடாது என்பதற்காக முதல் கதவையே மூடிவிடுகிறார்கள். பதிவுக் கோப்பும் அதோடு வெறுமையாகிவிடுகிறது.

வெள்ளைத் திரையைக் கண்டதும் கோப்பின் முதல் வரியிலேயே 'எல்லாவற்றையும் காட்டு' என்று எழுதிப் பார்த்து, அதன் பின்னும் வெள்ளைத் திரையே தெரிவதால் திகைப்பவர்கள் உண்டு. பிஎச்பி ஒரு கோப்பை முழுவதும் படித்து மொழிமாற்றிய பிறகே முதல் வரியை இயக்குகிறது. ஐம்பதாவது வரியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் மொழிமாற்றமே தோற்றுவிடும். முதல் வரிக் கட்டளை இயங்கவே இயங்காது. அக்கட்டளையைக் கோப்புக்கு வெளியே, பிஎச்பி.ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் வைக்க வேண்டும். அல்லது வேறொரு சிறு கோப்பில் எழுதி, பிழையுள்ள கோப்பை அதற்குள் அழைக்க வேண்டும்.

ஒரே ஒரு கூற்றின் வாயை மட்டும் அடைக்கும் '@' குறியும் முதல் கதவின் வேலைதான். அக்கூற்று நடக்கும் கணத்தில் மட்டும் அமைப்பின் எண்ணைத் தாழ்த்தி, முடிந்ததும் பழையபடி வைத்துவிடுகிறது. 8.0-க்கு முன்பு அது எண்ணைப் பூச்சியமாக்கியது. அதனால் நிரலைக் கொல்லும் பெரும்பிழைகளும் மறைந்து, வெள்ளைத் திரைகளில் ஒரு பங்கு இந்த ஒற்றைக் குறியால் விளைந்தது. 8.0 முதல் அது 4437 என்ற எண்ணில் அடங்கிய வகைகளைத் தவிர வேறு எதையும் விட்டுவைப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் 4096, 256, 64, 16, 4, 1: யாவும் நிரலை நிறுத்தக்கூடிய வகைகள். அவற்றை '@' இனி மறைக்காது.

இந்த மாற்றம் பழைய நிரல்களில் ஓர் ஓட்டையைத் திறந்தது. பிழை நேரும்போது இயங்குவதற்காக நிரலர் தாமே எழுதும் பிழைக் கையாளியை, முதல் கதவு மூடியிருந்தாலும் பிஎச்பி அழைக்கும். கதவின் நிலையைப் பார்த்து விலகிக்கொள்வது கையாளியின் பொறுப்பு. பலர் 'மதிப்பு பூச்சியமா' என்று மட்டும் சோதித்து வைத்திருந்தார்கள். 8.0-இல் '@' அந்த மதிப்பைப் பூச்சியத்துக்கு இறக்குவதில்லை என்பதால், அடக்கிவைத்த எச்சரிக்கைகள் எல்லாம் அந்தக் கையாளிகளில் வந்து கொட்டின. பிழையின் எண்ணையும் அப்போதைய மதிப்பையும் 'ஆண்ட்' செய்து பார்த்திருந்த கையாளிகளில் மட்டும் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.