ஒரு புதிய லெகோ துண்டு பிறக்கும் கணக்கு

2010களின் நடுப்பகுதியிலிருந்து லெகோ பெட்டிகளில் ஒரு விசித்திரமான துண்டு தென்படத் தொடங்கியது. அதன் மேலே இரண்டு குமிழ்கள். பக்கவாட்டில், வரிசைக்கு இரண்டாக, இன்னும் நான்கு குமிழ்கள். உயரம்தான் முதலில் குழப்பும். சாதாரணக் கட்டையைவிட உயரம், இரண்டு கட்டைகளை அடுக்கினால் வரும் உயரத்தைவிடக் குறைவு. ஒரு முழுக் கட்டையும் இன்னொன்றின் மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்த உயரம். யாரோ அவசரத்தில் தவறாக வெட்டியது போலத் தோன்றும் இந்த உயரத்துக்குப் பின்னால் 1958இல் வகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு வரிசைக் குமிழ்கள் மிச்சமில்லாமல் பொருந்த வேண்டுமானால் இந்த உயரம்தான் வேண்டும்.

அளவுகளைப் பார்ப்போம். ஒரு குமிழின் மையத்துக்கும் அடுத்த குமிழின் மையத்துக்கும் இடையே 8 மில்லிமீட்டர். குமிழின் விட்டம் 4.8. கட்டையின் உயரம் 9.6. 'பிளேட்' எனப்படும் மெல்லிய தட்டின் உயரம் 3.2. அதாவது மூன்று தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டை. இந்த எண்களை 1.6ஆல் வகுத்துப் பாருங்கள்: தட்டு 2, குமிழ் 3, குமிழ் இடைவெளி 5, கட்டை 6. எல்லாமே முழு எண்கள். லெகோவின் அடிப்படை அலகு கட்டை அல்ல, தட்டின் பாதியான இந்த 1.6 மில்லிமீட்டர்தான் என்றே நான் சொல்வேன். பெட்டியில் எங்கும் அச்சிடப்படாத அளவு இது. ஆனாலும் புதிய துண்டை வடிவமைக்க உட்காரும் ஒவ்வொருவரும் இதன் மடங்குகளுக்குள்தான் வேலை செய்தாக வேண்டும்.

இப்போது அந்த விசித்திரத் துண்டுக்குத் திரும்பலாம். ஐந்து தட்டுகளின் உயரம் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் இடைவெளிகளும் 16 மில்லிமீட்டர். கிடைமட்டத்தில் 8, செங்குத்தில் 3.2 என்று இரண்டு வெவ்வேறு படிகளில் நடக்கும் அமைப்பு, முதன்முதலில் ஒரே இடத்தில் கால் வைப்பது இந்த 16இல்தான். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு இங்கே கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் துண்டாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கவாட்டுக் குமிழ்களில் இரண்டுக்கு இரண்டு தட்டு ஒன்றைப் பொருத்தினால், அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் துண்டின் விளிம்புகளோடு நேராக நிற்கும். தட்டைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் கணக்கு இடிக்காது.

இந்தக் கணக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. டென்மார்க்கின் பிலுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932இல் தச்சுப் பட்டறையிலிருந்து மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949இல் அங்கே பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. பிரிட்டனின் ஹிலாரி பேஜ் உருவாக்கிய கிட்டிகிராஃப்ட் கட்டைகளை முன்மாதிரியாகக் கொண்டவை அவை. மேலே குமிழ்கள் இருந்தாலும் அடியில் வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் தூக்கினால் பிரிந்துவிடும். ஓலேயின் மகன் காட்ஃபிரெட் தலைமையில், 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது சேர்ந்ததுதான் அடியில் உள்ள குழாய். அன்று வகுத்த அளவுகள் இன்றும் மாறவில்லை. அந்த ஆண்டுக் கட்டையின் மேல் இன்று வெளிவந்த துண்டைப் பொருத்தலாம்.

குழாயின் அளவு எப்படி வந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அது நான்கு குமிழ்களுக்கு நடுவே நுழைந்து நான்கையும் தொட வேண்டும். எதிர்மூலைக் குமிழ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், 8ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும் 11.31 மில்லிமீட்டர். அதிலிருந்து இரு பக்கமும் குமிழின் ஆரத்தை, அதாவது மொத்தம் 4.8ஐ, கழித்தால் மிஞ்சுவது 6.51. குழாயின் வெளிவிட்டம் அதுதான். முழு எண்களின் ஊரில் இந்த ஒன்று மட்டும் பித்தாகரஸ் வீட்டுப் பிள்ளை.

ஒற்றை வரிசைக் கட்டைகளுக்கு அடியில் குழாய் இருக்காது, மெல்லிய தூண் இருக்கும். அடுத்தடுத்த இரு குமிழ்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அதன் தடிமனை முடிவு செய்கிறது. 8 கழித்தல் 4.8, ஆக 3.2. தட்டின் உயரமும் அதுவே. சின்ன மனித உருவங்களின் கையில் பொருந்தும் தண்டுகளின் தடிமனும் ஏறத்தாழ அதுவே. ஒரே எண் மூன்று இடங்களில் வருவதால், வாளின் கைப்பிடிக்காகச் செய்த தண்டு, நடுவில் துளையுள்ள குமிழுக்குள்ளும் நுழைந்து நிற்கிறது. கொடிக்கம்பத்துக்காக வந்த துண்டு ரோபோவின் மூட்டாக மாறுவது இப்படித்தான்.

அளவுகள் பொருந்தினால் மட்டும் கட்டைகள் ஒட்டிக்கொள்ளாது. குமிழ் நுழைய வேண்டிய இடம், குமிழைவிடச் சற்றே இறுக்கமாக இருக்க வேண்டும். அழுத்தும்போது சுவர் நூலிழை அளவு வெளியே வளைகிறது. மீள வர முயலும் அந்தச் சுவரின் விசையும் உராய்வும் சேர்ந்துதான் பிடிப்பு. வளைந்து, மீண்டும் நிமிர்ந்து, ஆயிரம் முறை அப்படிச் செய்தும் களைப்படையாத பொருள் இதற்கு வேண்டும். தொடக்கத்தில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் கோணிக்கொண்டது. 1963 முதல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது. இதில் அக்ரிலோநைட்ரைல் கடினத்தைத் தருகிறது, ரப்பர் தன்மையுள்ள பியூட்டடையீன் உடையாமல் காக்கிறது, ஸ்டைரீன் பளபளப்பைத் தருகிறது. பிடிப்பு அதிகமானால் குழந்தையால் பிரிக்க முடியாது, குறைந்தால் கோபுரம் சரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள வரம்பு மிகக் குறுகியது என்பதால், வார்ப்பச்சுகளின் துல்லியம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டியிருக்கிறது.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது பிளாஸ்டிக்கின் ஒரு குணத்தை விட்டுவிட முடியாது. சுமார் 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிய ஏபிஎஸ், உயர் அழுத்தத்தில் வார்ப்பச்சுக்குள் பாய்கிறது. ஆறும்போது அது ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும். இரண்டுக்கு நான்கு கட்டையின் நீளம் 31.8 மில்லிமீட்டர். அதில் அரை சதவீதம் என்பது கிட்டத்தட்ட 0.16 மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட பிழையைவிடப் பல மடங்கு பெரிய சுருக்கம் இது! எனவே வார்ப்பச்சைச் சரியான அளவில் வெட்டக் கூடாது, சுருங்கிய பின் சரியாக வரும் அளவில் வெட்ட வேண்டும். தடித்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி விரைவாகவும் ஆறுவதால், துண்டின் எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருப்பதும் அவசியம். இல்லையென்றால் மேற்பரப்பில் குழி விழும். ஒரு கட்டையைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஒவ்வொரு குமிழுக்கும் நேர் கீழே சின்னப் பள்ளம் இருக்கும். குமிழ் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் குவிந்து தடித்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

31.8 என்ற அளவு சிலருக்கு உறுத்தியிருக்கும். நான்கு எட்டு 32 அல்லவா? பக்கத்துக்கு 0.1 வீதம் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். சுவரில் கட்டைகளை வரிசையாக வைக்கும்போது ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும்.

இனி, புதிய துண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி. பெரும்பாலான நல்ல துண்டுகள், என் பார்வையில், திசையை மாற்றும் தேவையிலிருந்து பிறந்தவை. குமிழ்கள் மேல்நோக்கியே இருந்தால் எல்லா மாதிரிகளும் படிக்கட்டுபோலத்தான் இருக்கும். காரின் முன்பக்கம் வழவழவென்று வேண்டுமானால் தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். அதற்குப் பக்கவாட்டில் குமிழ் வேண்டும்.

1980 வாக்கில் வந்த 'ஹெட்லைட்' கட்டை இந்த வகையின் மூத்த துண்டுகளில் ஒன்று. ஒன்றுக்கு ஒன்று அளவுள்ள சிறு கட்டை. முகப்பில் ஒரு குமிழ், ஆனால் அந்த முகப்பு முழுவதும் சற்று உள்வாங்கியிருக்கும். காரின் விளக்கைப் பதிப்பதற்கான பள்ளம். உள்வாங்கிய அளவு, நாம் பார்த்த அதே 1.6. ஆகவே அதில் ஒரு தட்டைப் பொருத்தினால் பாதித் தடிமன் உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும். பின்னாளில் பெருகிய எல் வடிவ பிராக்கெட்டுகளில் செங்குத்தான பகுதியின் தடிமனும் தட்டில் பாதிதான். பக்கவாட்டுக் குமிழுள்ள சாதாரணக் கட்டையில் பொருத்திய தட்டு 3.2 வெளியே நிற்கும், பிராக்கெட்டில் 4.8, ஹெட்லைட் கட்டையில் 1.6. மூன்று துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரைத் தட்டு அளவில் ஏறும் படிகள் கிடைத்துவிடுகின்றன. ஒரு விமானத்தின் மூக்கோ சிங்கத்தின் கன்னமோ மெல்ல வளைந்து செல்வது போல் தோன்றுவதற்கு இந்தப் படிகள்தான் காரணம்.

இப்படியொரு துண்டைத் தயாரிப்பது எளிதல்ல. சாதாரணக் கட்டைக்கான வார்ப்பச்சு மேலும் கீழும் இரண்டு பாதிகளாகப் பிரியும், துண்டு விழுந்துவிடும். பக்கவாட்டில் குமிழ் வந்துவிட்டால் அது வார்ப்பச்சின் சுவரில் மாட்டிக்கொள்ளும். முதலில் பக்கத்திலிருந்து ஒரு பகுதி நழுவி விலக வேண்டும், பிறகுதான் பாதிகள் பிரியலாம். எதிரெதிர்ப் பக்கங்களில் குமிழ்கள் என்றால் நழுவும் பகுதிகளும் இரண்டு. அசையும் உறுப்பு கூடக் கூட, தேய்மானமும் செலவும் கூடும். அதனால் புதிய துண்டு ஒன்றை முதலில் முப்பரிமாண அச்சில் எடுத்து, மாதிரிகளில் பொருத்திப் பார்த்து, பழைய துண்டுகளோடு எங்கெல்லாம் சேர்கிறது, எங்கெல்லாம் இடிக்கிறது என்று அலசிய பிறகுதான் எஃகில் கை வைக்கிறார்கள்.

எங்கே இடிக்கிறது என்பதும் நுட்பமான கேள்வி. இரு குமிழ்களுக்கு நடுவே 3.2 இடைவெளி என்றோம், தட்டின் தடிமனும் 3.2 என்றோம். அப்படியானால் தட்டைக் குத்தாக அந்த இடைவெளியில் சொருகலாமே? கைக்கு அது நுழையும். ஆனால் துளியும் தளர்வில்லாத பொருத்தம் அது. நீண்ட நாள் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல இளகி, பழைய அளவுக்குத் திரும்பாமல் போகும். இப்படித் துண்டுகளை வருத்தும் பொருத்தங்களை லெகோ வடிவமைப்பாளர்கள் 'சட்டவிரோதம்' என்றே அழைக்கிறார்கள், பெட்டியில் வரும் மாதிரிகளில் அவற்றுக்கு இடமில்லை. புதிய துண்டு நல்ல பொருத்தங்களைத் தந்தால் மட்டும் போதாது, இத்தகைய ஆசைகளையும் தூண்டாமல் இருக்க வேண்டும்.

எத்தனை புதிய துண்டுகள் வேண்டும்? இதில் நிறுவனமே ஒருமுறை தடம் மாறியது. 1990களின் பிற்பகுதியிலிருந்து துண்டு வகைகள் கட்டுக்கடங்காமல் பெருகி, 2004க்குள் இரண்டு மடங்கைத் தாண்டின. ஒரே ஒரு மாதிரியில் மட்டும் பயன்படும் பெரிய துண்டுகள் வந்தன. ஐந்தாறு கட்டைகளால் செய்ய வேண்டிய சுவரும் கப்பலின் முன்பகுதியும் ஒற்றை வார்ப்பாகவே வந்தன. 2003, 2004 ஆண்டுகளில் நிறுவனம் பெரும் நட்டத்தில் விழுந்ததற்குக் காரணங்கள் பல, இந்தப் பெருக்கமும் அவற்றில் ஒன்று. அதன் பின் வகைகளைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். இன்று வடிவமைப்புக் குழுக்களுக்குப் புதிய வார்ப்பச்சுகள் அளந்துதான் கிடைக்கின்றன. 'ஃபிரேம்' என்று அவர்கள் சொல்லும் ஒதுக்கீடு அது. ஏற்கெனவே உள்ள துண்டை வழக்கமில்லாத நிறத்தில் கேட்டாலும் அந்த ஒதுக்கீட்டிலிருந்து கழியும்.

இந்தக் கட்டுப்பாடு நல்லதென்றே நினைக்கிறேன். வெண்பா எழுதுபவருக்குத் தளை எப்படியோ, வடிவமைப்பாளருக்கு இந்த அளவுகள் அப்படி. துண்டு வகைகள் குறைவாக இருப்பது கற்பனையைக் குறைப்பதில்லை என்பதற்குக் கணக்கே சாட்சி சொல்கிறது. ஒரே நிறத்தில் ஆறு இரண்டுக்கு நான்கு கட்டைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? சுமார் 10.3 கோடி விதங்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அது ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டும் எண்ணியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ், உயரம் குறைந்த அமைப்புகளையும் சேர்த்துக் கணினியால் எண்ணினார். விடை 91,51,03,765. ஒரே வகைக் கட்டை, ஆறே ஆறு! இதே ஆறு கட்டைகளுக்குப் பதிலாக ஒற்றை வார்ப்புக் கப்பல் முனை ஒன்றைக் கொடுத்தால் அது கப்பல் முனையாக மட்டுமே இருக்கும்.

எல்லாத் தேவைகளையும் பழைய துண்டுகளே தீர்த்துவிடும் என்பதும் சரியல்ல. ஒற்றை வரிசைத் தட்டுகளில் 1, 2, 3, 4, 6, 8 என்று நீளங்கள் பல்லாண்டுகளாக இருந்தன, 5 மட்டும் இல்லை. 2ஐயும் 3ஐயும் சேர்த்தால் 5 தானே என்ற சமாதானம் பாதிதான் சரி. சேர்த்த இடத்தில் மூட்டு விழும், மூட்டைத் தாங்க அதன் மேலோ கீழோ இன்னொரு தட்டு வேண்டும், மெல்லிய மாதிரியில் அதற்கு இடமிருக்காது. நடுவில் ஒரு குமிழும் இரு பக்கமும் சம எண்ணிக்கையும் கொண்ட வடிவங்களுக்கு, அதாவது மூக்கு நடுவே வரும் முகங்களுக்கும் ஓட்டுநர் நடுவே அமரும் சிறு வாகனங்களுக்கும், ஒற்றைப்படை அகலம்தான் இயல்பானது. ஐந்து குமிழ் நீளத் தட்டு 2020களின் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது. பார்வைக்கு அதில் புதுமை எதுவும் இல்லை, கடையில் யாரும் அதற்காகப் பெட்டி வாங்கப் போவதில்லை. ஆனால் அதன் பிறகு வந்த மாதிரிகளைப் பிரித்துப் பாருங்கள். வெளியே தெரியாத உட்கூட்டில், முன்பு இரண்டும் மூன்றுமாக ஒட்டுப்போட்டிருக்க வேண்டிய இடத்தில் இந்த ஒற்றைத் தட்டு ஓடுகிறது, மாதிரியும் அந்த இடத்தில் வளைந்து கொடுப்பதில்லை.