கொக்கி மாட்ட இடமில்லாத உயரம்

முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை டவர் ஏறும் பையன்களுக்கு, உயரத்தில் விழாமல் வேலை செய்யப் பயிற்சி கொடுப்பது என் தொழில். உத்தரகாசியில் மலையேற்றமும் முறையாகப் படித்திருக்கிறேன். இந்த இரண்டும் தெரிந்தவன் என்பதால், இப்போதெல்லாம் பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரே கேள்வி வருகிறது. "அண்ணே, டவர் உச்சியில நின்னு போல்ட் முறுக்குறோம். அந்தப் பனிமலை முகட்டுல நடக்க முடியாதா?"

கேட்பவர்களில் சிலர் காற்றாலை வேலைக்கே ஜெர்மனி போனவர்கள். வார விடுமுறையில் ஆல்ப்ஸ் மலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மற்றவர்கள் இமயமலைக்குக் காசு சேர்க்கிறவர்கள். எல்லோர் கைபேசியிலும் ஒரே மாதிரி காணொலி: இரண்டு சிகரங்கள், நடுவில் கத்தி போல ஒரு பனி முகடு, இருபுறமும் பாதாளம், அதன்மேல் கயிற்றால் பிணைந்து நடக்கும் இருவர்.

என் பதில்: டவரில் பழகிய தைரியத்தோடு போவதானால் போகாதே மக்கா.

அந்தத் தைரியம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். டவர் ஏணியில் எஃகுக் கம்பி ஓடுகிறது. விழுந்தால் அதிலுள்ள பிடிப்பான் சட்டென்று கவ்விக்கொள்ளும். ஏணியை விட்டு நகரும்போது இரட்டை லேன்யார்டு, அதாவது நுனியில் கொக்கி வைத்த இரண்டு குட்டைக் கயிறுகள். ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் மற்றொன்றைக் கழற்றுவோம். லேன்யார்டில் உள்ள அதிர்ச்சி தாங்கி கிழிந்து விரிந்து, உடம்பின் மேல் விழும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்கும். இத்தனையும் சில மாதம் பழகியதும் பயம் போய்விடுகிறது. போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேலை நடக்காது. ஆனால் அந்த அமைதியில் பெரும்பங்கு எஃகு கொடுத்தது என்பதை உடம்பு மறந்துவிடும். முகட்டில் எஃகு கிடையாது.

"கயிறு இருக்குல்லா அண்ணே?" என்பார்கள். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான்.

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் லிஸ்காம் என்றொரு மலை உண்டு. கிழக்கு, மேற்கு என இரண்டு சிகரங்கள், இரண்டும் ஏறத்தாழ 4,500 மீட்டர். நம்ம மகேந்திரகிரியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இரண்டையும் இணைக்கும் பனி முகடு ஆல்ப்ஸில் பேர்போனது. அங்கே போக முதலில் பனியாற்றைக் கடக்க வேண்டும். அங்கே கயிறு கட்டாயம்: பனி மூடிய பிளவுக்குள் ஒருவர் விழுந்தால், பிளவின் விளிம்புப் பனிக்குள் கயிறு பதிந்து இறங்கி உராய்வதால் விசை குறையும், சில மீட்டர் தள்ளி நிற்பவரால் தாங்க முடியும். அதே கயிற்றோடு அப்படியே முகட்டிலும் ஏறிவிடுகிறார்கள். அங்கே கணக்கு மாறிவிடுகிறது. இறுகிய பனிச்சரிவில் கால் தவறியவர் ஓரிரு நொடியில் ஏறத்தாழ வெறும் வெளியில் விழுகிற வேகத்தை எட்டுவார். கயிறு விறைக்கும்போது மறுமுனையில் இருப்பவரைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை, அவருடைய காலணியில் மாட்டிய கிராம்பான் முட்களைத் தவிர. ஒருவர் சறுக்கினால் இருவர் சாவு.

பழைய உதாரணம் ஆல்ப்ஸிலேயே உள்ள மேட்டர்ஹார்ன் மலை. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் குழுவில் ஏழு பேர் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது, அனுபவம் குறைந்த ஹாடோ என்ற 19 வயது இளைஞர் வழுக்கி, முன்னால் இருந்த வழிகாட்டி க்ரோமீது மோதினார். பின்னால் கட்டியிருந்த ஹட்சனையும் டக்ளஸையும் கயிறு இழுத்துக்கொண்டு போனது. டக்ளஸுக்கும் அவருக்குப் பின்னால் வந்த வழிகாட்டி மூத்த டாக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்ததால் மற்ற மூவர் பிழைத்தார்கள். அந்தக் கயிறு நைந்தது, பலமற்றது என்று பல காலம் விவாதம் நடந்தது. எனக்கோ கதையின் முன்பாதிதான் முக்கியம்: நால்வரும் ஒரே கயிற்றில் இருந்தார்கள், பாறையோடு பிணைக்கப்படவில்லை.

அப்படியானால் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? பாறை முகடென்றால் கயிற்றைப் பாறைக் கொம்புகளுக்கு இடப்புறம், வலப்புறம் என்று மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே போவார்கள். இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு பாறையாவது இருக்கும். அது தாங்கும் பாறையா என்று தட்டியும் ஆட்டியும் பார்த்த பிறகுதான். மோசமான இடத்தில் ஒருவர் நின்று, ஸ்லிங் எனும் வளையப் பட்டையால் தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்டு, மற்றவருக்குக் கயிறு விடுவார். வெறும் பனி முகட்டில் அதுவும் வாய்க்காது. அங்கே கையில் சுருள் சுருளாகத் தளர்வு வைத்துக்கொள்ளாமல், தோழர் தடுமாறும் அந்தக் கணத்திலேயே கயிறு இறுகும்படி வைத்திருப்பார்கள். அதையும் மீறி அவர் இடப்பக்கம் விழுந்தால், நீங்கள் வலப்பக்கம் குதிக்க வேண்டும். முகட்டின் இருபுறமும் இரண்டு பேர் தொங்கிச் சமநிலை ஆவதுதான் கடைசி வழி. கேட்டால் சினிமா மாதிரி இருக்கும். பயிற்சியில் சொல்லித்தருவதே இதுதான். தோழர் விழுந்த நொடியில், யோசிக்காமல் பாதாளத்துக்குள் குதிக்க உங்களால் முடியுமா என்று நீங்களே கேட்டுப்பாருங்கள். முடியாதென்றால், சில இடங்களில் கயிற்றைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாக நடப்பதே நேர்மையான முடிவு. அதுவும் வேண்டாமென்றால் திரும்பிவிடலாம்.

பனி முகட்டுக்கு இன்னொரு வஞ்சகம் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து வீசும் காற்று, பனியைக் கொண்டுபோய் மறுபக்கம் தாழ்வாரம் போல நீட்டிவிடும். கார்னிஸ் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் அகலமான, நடக்க வசதியான பாதை, கீழே ஒன்றுமில்லை. உடையும்போது நுனியோடு நிற்காது, நீங்கள் பத்திரம் என்று நினைத்த இடத்தையும் சேர்த்தே போகும். 1877-இல் லிஸ்காமில் கார்னிஸ் உடைந்து இரண்டு மலையேறிகளும் மூன்று வழிகாட்டிகளும் ஒரே கயிற்றில் போனார்கள். நங்க பர்வதத்தைத் தனியாளாய் எட்டிய ஹெர்மன் பூல், 1957-இல் காரகோரத்தில் சோகோலிசா மலையில் மூடுபனிக்குள் இறங்கும்போது கார்னிஸ் உடைந்து மறைந்தார். ஆகவே காற்று வரும் பக்கமாக, உச்சிக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நடக்க வேண்டும். அங்கே சரிவு செங்குத்து, கால் வலிக்கும். படத்துக்கும் அழகாக இராது.

காற்றைப் பற்றி நம்ம பையன்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு வரும் காற்றை நம்பித்தான் இத்தனை டவர்கள் நிற்கின்றன. முகட்டிலும் அதே கதைதான். சரிவில் ஏறிவரும் காற்று உச்சியில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. மின்சாரம் வேகத்தின் மும்மடியில் கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். உடம்பைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் 80 ஆனால் தள்ளு நான்கு மடங்கு. 4,500 மீட்டரில் காற்று அடர்த்தி குறைவு என்பது சின்ன ஆறுதல்தான். உண்மையில் ஆளைச் சாய்ப்பது பலத்த காற்றைவிட, அது திடீரென நிற்பதுதான். காற்றை எதிர்த்துச் சாய்ந்தே நடந்தவர், அது ஓய்ந்ததும் காற்று வந்த பக்கமே விழுவார். டவரில் இத்தனை வேகத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு உண்டு, சூப்பர்வைசர் தடுப்பார். முகட்டில் அந்த வேலையையும் நீங்களே பார்க்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். சாதாரண மலைச்சரிவில் களைத்தால் எங்கேயாவது கீழே இறங்கிவிடலாம். இரண்டு சிகரங்களுக்கு நடுவே அது நடக்காது. பாதி தூரம் வந்தவருக்கு முன்னே போவதும் பின்னே வருவதும் ஒரே தொலைவு. இரவின் குளிரில் இறுகிய பனி வெயிலில் இளகும், உறைபனி பிடித்து வைத்திருந்த கற்கள் கழன்று விழும், பிற்பகலில் இடி வரும். அதனால்தான் பின்னிரவிலேயே விளக்கோடு கிளம்புகிறார்கள். எத்தனை மணிக்குள் முதல் சிகரத்தைத் தொடாவிட்டால் திரும்புவது என்று முந்தைய நாளே, மூச்சு வாங்காத நேரத்தில், முடிவுசெய்து வைப்பது நல்லது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் கண்ணால் பார்த்தது: வேலைக் கயிற்றையும், உடம்பில் கட்டும் வேலை ஹார்னஸையும் எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள். வேலைக் கயிறு நீளாத கயிறு. தொங்கி வேலை செய்ய அதுதான் சரி. முன்னேறிப் போகிறவர் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் உடம்பில் இறங்கும். மலைக்கு நீண்டு கொடுக்கும் டைனமிக் கயிறு வேண்டும், முன்பக்கம் கட்டும் ஹார்னஸ் வேண்டும். கம்பெனிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு சங்கதி, அதை இங்கே பேசவில்லை.

பனியைப் பார்க்காதவர்களுக்கும் இதில் பங்குண்டு. நம்ம குமரி மாவட்டத்தில் பொற்றையடி வழியாக மருந்துவாழ்மலை ஏறி, நாராயண குரு தவமிருந்த குகையோடு திரும்புகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உச்சியில் படத்துக்காகப் பாறை விளிம்புக்கு நகர்கிறவர்களைப் பற்றித்தான் கவலை. நம்ம மாவட்டத்துப் பாறைகள் பல உருண்டு திரண்டவை, விளிம்பென்று ஒரு கோடு இருக்காது. ஒவ்வோர் அடிக்கும் சரிவு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும், செருப்பு பிடிக்காத இடம் வந்த பிறகே தெரியும். மழை நனைத்த பாசியில் அந்த இடம் இன்னும் முன்னாலேயே வந்துவிடும். சித்திரை, ஐப்பசி மாதங்களில் மதியத்துக்கு மேல் உச்சியில் நிற்கவே வேண்டாம். இடி வந்தால் ஆழமில்லாத குகை வாயிலிலோ பாறைக் குடையின் கீழோ ஒதுங்குவதும் ஆபத்து; பாறை வழியே ஓடும் மின்சாரம் அந்த இடைவெளியை உங்கள் உடம்பு வழியாகத் தாண்டும். முகட்டை விட்டுக் கீழே இறங்குவதுதான் வழி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால், ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ அடிப்படைப் படிப்பு நான்கு வாரம்; சறுக்கும்போது ஐஸ் ஆக்ஸ் எனும் பனிக்கோடரியால் நிறுத்தப் பழகுவதே அதில் பாதி லாபம். ஆல்ப்ஸ் என்றால் முதல் முகட்டுக்குச் சான்று பெற்ற வழிகாட்டியோடு போங்கள். மேட்டர்ஹார்னில் ஒரு வழிகாட்டிக்கு ஒரே ஆள்தான் என்பதிலிருந்தே செலவை ஊகிக்கலாம். மீட்பு ஹெலிகாப்டருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112. சிக்னல் கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும்; கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். ஹெலிகாப்டர் தலைக்கு மேலே வந்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்து அசையாமல் நிற்க வேண்டும். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு கையை மட்டும் தூக்கினால், 'உதவி வேண்டாம்' என்று விமானி எடுத்துக்கொள்ளக்கூடும்.