மேண்டேட்டரி அக்செஸ் கண்ட்ரோல்: கட்டாயம் யாருக்கு?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வார இறுதிகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் சொல்லிக்கொடுக்கிறேன். மின்னஞ்சல் சேவையகத்தைப் பாதுகாக்கும் பாடம் வந்த அன்று, மேண்டேட்டரி அக்செஸ் கண்ட்ரோல் என்பதைத் தமிழாக்கிப் பலகையில் ‘கட்டாய அணுகல் கட்டுப்பாடு’ என்று எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான்.

“டீச்சர், கட்டாயக் கல்வின்னா எல்லாரும் பள்ளிக்குப் போகணும். அப்ப கட்டாய அணுகல்னா எல்லாரும் கட்டாயமா உள்ள போகணுமா?”

வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தான். ‘கட்டாய’ என்ற அடை, பக்கத்தில் நிற்கும் ‘அணுகல்’ மீது போய் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு, உள்ளே போகச் சொல்லும் பெயர் அமைந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். லினக்ஸும் பின்பற்றும் சாதாரண யூனிக்ஸ் முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அந்தக் கோப்புக்கு உடையவரே முடிவு செய்கிறார். இதற்கு ஆங்கிலப் பெயர் டிஸ்கிரிஷனரி அக்செஸ் கண்ட்ரோல். அவர் ஓட்டும் நிரலுக்கும் அவருடைய உரிமைகள் அத்தனையும் கிடைத்துவிடும். கணினியின் தலைமை நிர்வாகியான ரூட் பயனர் என்றால் கேள்வியே இல்லை, எல்லாக் கதவும் திறக்கும். மேண்டேட்டரி முறையில் உடையவரின் விருப்பத்துக்கு மேலே இன்னொரு விதி உட்காருகிறது. உடையவர் சரி என்றாலும் அந்த விதியும் சரி என்று சொல்ல வேண்டும். ரூட்டாக ஓடும் சேவைக்கும் இதே கதிதான்.

இந்த இரண்டு பெயர்களையும் பரவலாக்கியது அமெரிக்கத் தற்காப்புத் துறை 1983-இல் வெளியிட்டு 1985-இல் திருத்திய மதிப்பீட்டு நூல். அட்டையின் நிறத்தால் அதை ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்பார்கள். இரகசியக் கோப்புகளைக் காக்க எழுதியது என்பதால், இராணுவ வாடை அந்தச் சொல்லில் இன்றும் இருக்கிறது.

மேண்டேட்டரி என்பதன் வேர் லத்தீன். ‘மானுஸ்’ என்றால் கை, ‘தாரே’ என்றால் கொடுத்தல். இரண்டும் சேர்ந்து ‘மாந்தாரே’ ஆனது: ஒருவர் கையில் ஒப்படைத்தல், அப்புறம் ஆணையிடுதல். டிஸ்கிரிஷன் வேறு வழியில் வந்தது. பிரித்தறிதல் என்ற பொருளில் பிறந்து, தானே பார்த்து முடிவெடுக்கும் உரிமை என்று ஆனது.

இந்த எதிர்ச்சொல் இணை நம் ஊரில் புதிதே இல்லை. 2023-இல் நம் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றி, அது ஜூலை 4-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தண்டனையே ஒழிந்துவிட்டது என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஒழிந்தது அந்தக் ‘கட்டாயம்’ மட்டும். முன்பு அத்தகைய குற்றம் உறுதியானால் நீதிபதிக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கவில்லை. இப்போது அவர் ஆராய்ந்து வேறு தண்டனையும் கொடுக்கலாம். ஆக, அங்கே கட்டாயம் விழுந்திருந்தது நீதிபதி மேல், அதாவது அதிகாரம் கையில் இருப்பவர் மேல். கணினியிலும் இதே கதைதான். உள்ளே வருபவரை யாரும் வற்புறுத்துவதில்லை. அனுமதி கொடுக்கக் கூடியவரின் விருப்பத்துக்குத்தான் கட்டு போடுகிறோம்.

மின்னஞ்சல் சேவையகத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? முன்பின் தெரியாத எவரும் அதனுடன் வந்து பேசலாம்; அதன் வேலையே அதுதான். 25-ஆம் போர்ட்டில், அதாவது அஞ்சலுக்கான எண்ணிட்ட வாசலில், காத்திருக்க வேண்டும், 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க வழக்கமாக ரூட் உரிமை வேண்டும். வந்த கடிதத்தை ஒவ்வொருவர் பெட்டியிலும் அவரவர் பெயரில் போட வேண்டும், அதற்கும் உரிமை வேண்டும். ஊரில் எல்லாரும் தட்டும் கதவில், எல்லா அறைச் சாவியும் வைத்திருக்கும் ஆளை நிறுத்துவது போன்றது இது. பழைய அஞ்சல் சேவையக மென்பொருளான சென்ட்மெயில் அப்படித்தான் ஒரே பெரிய நிரலாக, ரூட் உரிமையோடு ஓடியது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயிலில் திறந்து கிடந்த பிழைதிருத்த வசதி.

வியட்ஸ் வெனமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தது. வாசலில் பேசுவது ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), வரிசையைக் கவனிப்பது இன்னொன்று, பெட்டியில் போடுவது வேறொன்று. பெரும்பாலானவற்றுக்கு ரூட் உரிமை கிடையாது. ஜார்ஜ்டவுனின் பினாங்கு ஸ்திரீட்டில் வட்டிக்கடைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த விதம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கூடம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தனி மேசை, தனிப் பெட்டகம்.

மேண்டேட்டரி முறையை லினக்ஸில் கொண்டுவரும் எஸ்இலினக்ஸ் இந்தப் பிரிவினையை லினக்ஸின் கருவத்திலேயே (கெர்னல்) காவல் காக்கிறது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது, 2003-இல் கருவத்தோடு சேர்ந்தது. ஒவ்வொரு புரோசஸுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபல் உண்டு. நான் முத்திரை என்கிறேன், அஞ்சலுக்கும் அது பொருந்துகிறது. எந்த முத்திரை எந்த முத்திரையைத் தொடலாம் என்பது விதியில் எழுதியிருக்கும். எழுதாதது எல்லாம் மறுப்பு. வாசலில் பேசும் புரோசஸை ஒருவன் ஏமாற்றிக் கைப்பற்றினாலும், அந்த முத்திரைக்கு எட்டும் தூரத்துக்குள்தான் அவன் கை நீளும். முதலில் பழைய உரிமைச் சோதனை, அது தாண்டினால்தான் இந்தச் சோதனை. இது புதிதாக எதையும் திறந்துவிடாது, இருப்பதை இறுக்க மட்டும் செய்யும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்த காலம். வட்டு நிரம்பிவிட்டதால் அஞ்சல் பெட்டிகளைப் புது வட்டில் நானே உருவாக்கிய ஓர் அடைவுக்கு மாற்றினேன். காலையில் ஒருவருக்கும் அஞ்சல் வரவில்லை. உடையவர் பெயர் சரி, உரிமை எண்கள் சரி. ஆத்திரத்தில் 777 போட்டுப் பார்த்தேன், அதே மறுப்பு. எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகும் திறக்காத கதவை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எஸ்இலினக்ஸைத் தடுக்காமல் குறிப்பு மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றியதும் அஞ்சல் பாய்ந்து வந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று மனம் சொன்னது. பலர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தணிக்கைப் பதிவைத் திறந்தால் காரணம் ஒரே வரியில் இருந்தது: புது அடைவுக்கு அஞ்சல் பெட்டியின் முத்திரை இல்லை. முத்திரையை விதியில் பதிந்து, கோப்புகளுக்கு அதைக் குத்தி, காவலை மறுபடி முழுதாகப் போட்டேன். பத்து நிமிட வேலை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அணுகல்’ இருக்கட்டும், அக்செஸின் லத்தீன் வேருக்கும் நெருங்கிச் செல்லுதல் என்றே பொருள். எஸ்இலினக்ஸின் விதிகளுக்கு ஆங்கிலத்தில் ‘பாலிசி’ என்று பெயர், அதற்குக் ‘கொள்கை’ என்பது இங்கே சரிவராது. கொள்கை மனத்தில் கொள்வது, கட்சிக்கும் அரசுக்கும் பொருந்தும். இது வரி வரியாக எழுதிய அனுமதிகளின் அடுக்கு, ஆகவே ‘விதித்தொகுப்பு’.

மேண்டேட்டரிக்கு என் மனம் முதலில் போனது ‘கட்டளை’யிடம். அதற்கு ஆணை என்றும் பொருள், கோயிலுக்கு ஒப்படைக்கும் அறக்கட்டளை என்றும் பொருள். இங்கே உபயம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. இன்ன பூசைக்கு என்று எழுதிவைத்த கட்டளைப் பணத்தை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. ஒப்படைத்தல், ஆணை இரண்டையும் சேர்த்துச் சுமந்த அந்த லத்தீன் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது. ஆனால் கணினித் தமிழில் கட்டளை ஏற்கெனவே ‘கமாண்ட்’ ஆகிவிட்டது. கட்டளை வரி என்று பாடம் நடத்திவிட்டு, இதற்கும் அதே சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். மனமில்லாமல்தான் விட்டேன்.

இப்போது பலகையில் நான் எழுதுவது ‘விதிவழி அணுகல் கட்டுப்பாடு’. எதிரே ‘விருப்புவழி அணுகல் கட்டுப்பாடு’. யாருடைய சொல் செல்லும் என்பது பெயரிலேயே தெரிகிறது. ஆங்கில முதலெழுத்துகளால் சுருக்கி ‘மேக்’ (MAC) என்று எழுத நான் விடுவதில்லை. நெட்வொர்க் அட்டையின் முகவரிக்கும் அதே மூன்றெழுத்து இருக்கிறது. போன வாரம் அந்தப் பையனையே கூப்பிட்டு இரண்டு பெயரையும் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “அப்ப ரூட்டும் விதியைக் கேட்கணும், இல்லையா டீச்சர்?” என்றான்.