ஸ்பேம்னா குப்பையா? அழையா மடலா?

"குப்பை அழைப்பைப் புகாரளி"ன்னு ஒரு ஆப்புல பட்டன் வச்சிருக்காங்க. ஸ்பேம், அதாவது கேக்காமலே வந்து குவியிற மெயில், அழைப்புகளத்தான் குப்பைங்கிறாங்க. குப்பை மடல், குப்பை அஞ்சல்னு கேட்டுக் கேட்டு சலிச்சது போதாதுன்னு இப்ப இது வேற.

ஸ்பேம்ங்கிறது 1937ல ஹார்மெல் கம்பெனி அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்ச டப்பா பன்றிக்கறி. 1970ல மான்டி பைத்தான் டிவி காமெடில ஒரு ஹோட்டல், மெனு பூரா ஸ்பேம், வேண்டாம் வேண்டாம்னு ஒரு அம்மா கத்தினாலும் அதேதான். அங்கேர்ந்து கம்ப்யூட்டர்காரங்க எடுத்துக்கிட்டாங்க. அவ்ளோதான் கதை.

கவனிங்க, அந்தக் கறி கெட்டுப்போனதுன்னு யாரும் சொல்லல, கேக்காம வந்ததுதான் பிரச்சினை. 1978 மே மாசம் டெக்ங்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருத்தர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்ல சுமார் 400 பேருக்கு ஒரே மெயில் தட்டிவிட்டாரு, அதைத்தான் முதல் ஸ்பேம்ங்கிறாங்க. உள்ள என்ன இருந்துச்சு? கலிஃபோர்னியாவுல புது கம்ப்யூட்டர் காட்டுறோம், வாங்கன்னு ஒரு அழைப்பு! நல்ல கம்ப்யூட்டர்தான், குப்பையே இல்ல. ஆனா ஸ்பேம்.

குப்பைன்னா சரக்கு மட்டம்னு அர்த்தம். அப்படி நெனச்சா கெட்ட வார்த்தையத் தேடி வடிகட்டத்தான் தோணும். ஒரு தளத்துல சேர வாங்கன்னு வர்ற அழைப்பு ஸ்பேம் அதுல சிக்காது, ஏன்னா மெயில் போறது அந்தத் தளத்தோட சொந்த சர்வர்லேர்ந்து, நெஜமாவே அந்தத் தளம்தான் அனுப்புச்சான்னு பாக்குற அனுப்புனர் சோதனை எல்லாம் பாஸ் ஆயிடும். களவாணி ஒரு கணக்கு தொறந்து, பேர் போடுற கட்டத்துல "10 லட்சம் பரிசு இங்க க்ளிக்"னு எழுதி, ஊரான் முகவரி எல்லாம் கொட்டினா போதும், "10 லட்சம் பரிசு இங்க க்ளிக் உங்களை அழைக்கிறார்"னு தளமே அவனுக்குத் தபால்காரன் வேல பாக்கும். இதைத் தடுக்க பேர்ல லிங்க் வராம வெட்டணும், சொந்தச் செய்தி எழுதுற வசதிய புதுக் கணக்குக்குக் குடுக்கக் கூடாது, மெயில் முகவரிய உறுதி பண்ணாதவனுக்கு அழைப்பே கெடையாது, ஒரு நாளைக்கு இத்தனைன்னு வரம்பு, ஒருத்தர் வேண்டாம்னா வேற யார் அழைச்சாலும் அவருக்குப் போகக் கூடாது.

இதுல கடைசியா சொன்னது சம்மதம் பத்தினது. வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் மேல போட்ட வழக்கும் இதேதான். அழைப்ப விட, பதில் வரலன்னு பயனர் பேர்ல திரும்பத் திரும்பப் போன நினைவூட்டல்தான் அங்க பெரிய தகராறு, 2015ல 1.3 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. அதுல எங்கங்க குப்பை?

அழையா விருந்தாளின்னு நம்மகிட்ட சொல் ரெடியா இருக்கு. அழையா மடல், அழையா அழைப்புன்னு சொன்னா பாட்டிக்கும் புரியும். ஸ்பேமுக்கு எரிதம்னு ஒரு சொல் சுத்துதே, அதக் கேட்டா வயிறு எரியிறதுதான் ஞாபகம் வருது, ஸ்பேம் வரல. தூய தமிழ் வேணும்தான், அதுக்காக அகராதி பக்கத்துல வச்சுக்கிட்டா பட்டன அமுக்குறது? கமென்ட்ல வர்ற ஸ்பேமுக்கு அழையா மடல் பொருந்தாதேன்னு கேப்பீங்க. பொருந்தாது. அங்க ஸ்பேம்னே எழுதிட்டுப் போங்க, அதுக்கும் குப்பைத்தொட்டி படம் போடாம இருந்தா சரி.