கேத்தோடைப் பிடித்து நிறுத்தும் கெபாசிட்டர்

வால்வு (காற்றை நீக்கிய கண்ணாடிக் குமிழ்) வைத்த ஆம்ப்ளிஃபையரை வீட்டில் செய்பவர்கள் பாதி நேரம் எந்த வால்வு வாங்கலாம் என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், முதல் சோதனையை, வால்வுக்குள் எலக்ட்ரான்களை வெளியிடும் முனையான கேத்தோடில் செய்யலாம். செலவு குறைவு, வித்தியாசமோ காதுக்கு நன்றாகவே கேட்கும்.

சூடான கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தைக் கடந்து, நூற்றுக்கணக்கான வோல்ட் ஏற்றிய பிளேட்டுக்குப் போகின்றன. வழியில் நிற்கும் கிரிட், குழாயைத் திருகுவது போல அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கிரிட் சரியாக வேலை செய்ய, அது கேத்தோடைவிட ஓரிரு வோல்ட் தாழ்வாக இருக்க வேண்டும். இதற்குத் தனி பேட்டரி எதுவும் தேவையில்லை. கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும். வால்வின் மின்னோட்டமே அதில் பாய்ந்து கேத்தோடை மேலே தூக்கிவிடும்.

சிக்கலும் அங்கேதான். சிக்னல் கிரிட்டை உயர்த்தும்போது மின்னோட்டம் கூடும், கூடவே கேத்தோடும் உயரும். கிரிட் ஏறியதில் ஒரு பங்கு அப்படியே வீணாகிவிடும். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 25 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றை இணைத்தால், கேத்தோடு அசையாமல் நிற்கும். 12ஏஎக்ஸ்7 வால்வு, பிளேட்டில் 100 கிலோஓம் ரெசிஸ்டர், கேத்தோடில் 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் என்றால், கெபாசிட்டரோடு பெருக்கம் ஏறக்குறைய 60 மடங்கு. கழற்றினால் 30 சொச்சம்தான். ஆனால் அந்த இழப்புக்குப் பதிலாகச் சிதைவு குறைகிறது.

அப்புறம், நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. 0.68 மைக்ரோஃபேரட் போட்டுப் பாருங்கள். இவ்வளவு சிறிய கெபாசிட்டரால் தாழ்ந்த அதிர்வெண்களில் கேத்தோடைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் பாதியை நெருங்குகிறது. அதற்கு மேலே போகப் போக முழுப் பெருக்கம் கிடைக்கிறது. பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி சற்று ஒதுங்கி, கிட்டார் முன்னால் வரும்.

கழற்றி மாட்டும் முன்பு ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது ஆளைக் கொல்லக்கூடிய அளவு. ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் சிக்னல் கொடுப்பதும் கூடாது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம்.

சரி, காதை எவ்வளவு நம்பலாம்? சத்தம் கொஞ்சம் கூடினாலே நமக்கு 'நல்லா இருக்கு' என்று தோன்றும். ஆகவே, வால்யூமைச் சமப்படுத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நான் ஒருமுறை கேத்தோடில் புதிய கெபாசிட்டர் போட்டு, வால்யூமைத் தாராளமாகத் திருகிவைத்து, 'என்ன தெளிவு!' என்று ஒரு வாரம் ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கவிழ்த்துப் பார்த்தால், அதன் ஒரு கால் சால்டரில் ஒட்டவே இல்லை.